ஊமைக்காயம்: பிள்ளையின் சிறுநீரகத்தைக் கத்தியின்றிக் காப்பது எப்படி?



நமது தமிழ் வேதாகமத்தில் லேவியராகமத்தைத் திறந்தால், பலிகளைக் குறித்த அதிகாரங்களில் "குண்டிக்காய்" என்ற சொல்லைக் காண்கிறோம். 7-ஆம் சங்கீதத்திலோ இருதயத்தோடு சேர்த்து "உள்ளிந்திரியங்கள்" என்ற சொல் வருகிறது. எபிரெய மூலத்தில் இவ்விரண்டும் ஒரே சொல்தான். இன்று நாம் சிறுநீரகம் என்று அழைக்கும் உறுப்பையே அது குறிக்கிறது. மனிதர் கண்ணுக்குத் தெரியாமல், உடலின் ஆழத்தில் மறைவாக வைக்கப்பட்டிருக்கும் உறுப்பு அது. அங்கே ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் போகலாம். இப்படிப்பட்ட காயத்தை நம் பெரியவர்கள் ஊமைக்காயம் என்று சரியாகவே சொன்னார்கள்.

"எங்கள் காணிக்கையினால் எத்தனை அறுவை சிகிச்சைகள் நடந்தன?" என்று நண்பர்கள் அன்போடு கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அறுவை சிகிச்சை செய்யாமல் இருப்பதே சிறந்த சிகிச்சையாக இருக்கும் நோய்களும் உண்டு. பிள்ளைகளின் சிறுநீரகத்தில் ஏற்படும் ஊமைக்காயம் அவற்றில் ஒன்று. அதைக் குறித்து இந்த இதழில் சற்று விரிவாகப் படிப்போம்.

1. பிள்ளை வரும் விதம்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் இந்தக் காயம் எப்படி நேருகிறது என்பதை விளக்க, பல பிள்ளைகளுக்கு நேருவதைச் சேர்த்து ஒரே பிள்ளையின் கதையாக இங்கே எழுதுகிறோம்.

ஏழு வயதுப் பையன். பள்ளி விட்டு வந்ததும் கேம்ப் ரோடு பக்கத்துத் தெருவில் அண்ணனுடைய சைக்கிளை எடுத்து ஓட்டுகிறான். மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் சக்கரம் இறங்க, ஹேண்டில்பாரின் முனை இடது விலாவுக்குக் கீழே குத்துகிறது. அழுகிறான், எழுந்து வீட்டுக்கு நடந்தே வருகிறான். பாட்டி தேங்காய் எண்ணெய் தடவி உருவிவிடுகிறார். இரவு எட்டு மணிக்குச் சிறுநீர் கழிக்கும்போது கோலா பானத்தின் நிறத்தில் போகிறது. அப்பா இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அம்மா பக்கத்து வீட்டாரின் ஆட்டோவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

சைக்கிள் மட்டுமல்ல. ஜி.எஸ்.டி. சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் இருசக்கர வாகன விபத்துகள், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி, மாமரம், கொய்யா மரம், விளையாட்டில் பட்ட முழங்கால் என்று காரணங்கள் பல. பிள்ளைகளின் சிறுநீரகக் காயங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி மோதலாலும் விழுவதாலும் வருபவையே. கத்திக்குத்து போன்றவை மிகக் குறைவு.

2. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு ஏன் எளிதில் அடிபடுகிறது?

பெரியவர்களுக்குச் சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு மெத்தைபோல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது குறைவு. அவர்களுடைய விலா எலும்புகள் இன்னும் முழுமையாகக் கெட்டிப்படவில்லை. வளைந்து கொடுத்து, அடியின் வேகத்தை உள்ளே அனுப்பிவிடுகின்றன. வயிற்றுத் தசைகளும் மெல்லியவை. உடலின் அளவோடு ஒப்பிட்டால் பிள்ளையின் சிறுநீரகம் பெரியது, சற்றுக் கீழே இறங்கியும் இருக்கிறது. ஆகவே விலா எலும்பு முறியாமலேயே சிறுநீரகம் கிழியக்கூடும்.

பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அடைப்பு இருந்து, சிறுநீரகம் நீர் கோத்து வீங்கியிருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு லேசாக அடிபட்டாலே இரத்தம் வந்துவிடும். சிறிய அடிக்கு இவ்வளவு இரத்தமா என்று தேடும்போதுதான் அந்த மறைவான குறை தெரியவரும்.

3. இரத்த அழுத்தத்தை மட்டும் நம்பக்கூடாது

இருதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஆகவே அங்கே கிழிந்தால் இரத்தப்போக்கு கடுமையாக இருக்கலாம். 20 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடலில் சுமார் 1,600 மில்லி லிட்டர் இரத்தம்தான் இருக்கிறது. அதில் கால் பங்கு 400 மில்லி. அதாவது இரண்டு தம்ளர். அவ்வளவு இழந்த பிறகும் பிள்ளையின் இரத்த அழுத்தம் சரியாகவே காட்டலாம். பிள்ளையின் இரத்தக் குழாய்கள் இறுகிக்கொண்டு கடைசிவரை தாக்குப்பிடிக்கும்; பிறகு அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும்.

ஆகவே எங்கள் செவிலியர்கள் முதலில் பார்ப்பது நாடித்துடிப்பை. கைகால்கள் சில்லிட்டிருக்கின்றனவா, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, பிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

சிறுநீரின் நிறத்தைக்கொண்டு காயத்தின் அளவைத் தீர்மானிக்கவும் முடியாது. சிறிய நசுங்கலில் சிறுநீர் செக்கச்செவேலென்று போகலாம். பிரதான இரத்தக் குழாயே அறுந்திருந்தால் ஒரு சொட்டு இரத்தமும் சிறுநீரில் வராமலிருக்கலாம். எப்படி விழுந்தான், எங்கே வலிக்கிறது, வாந்தி எடுத்தானா என்று பொறுமையாகக் கேட்பது இதனால்தான் அவசியமாகிறது. அதே அடியில் மண்ணீரல், கல்லீரல், கணையம், குடல் ஆகியவையும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் வயிறு முழுவதையும் சோதிக்கிறோம்.

4. காயத்தின் ஐந்து படிகள்

அமெரிக்க விபத்துக் காய அறுவை மருத்துவர் சங்கம் 1989-ல் வகுத்து, 2018-ல் திருத்திய அளவுகோலை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால்:

முதல் படி: சிறுநீரகம் கன்றிப்போயிருக்கிறது, கிழியவில்லை.
இரண்டாம் படி: ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத கிழிசல்.
மூன்றாம் படி: அதைவிட ஆழமான கிழிசல், ஆனால் சிறுநீர் கசியவில்லை.
நான்காம் படி: கிழிசல் சிறுநீர் சேரும் அறை வரை சென்று, சிறுநீர் வெளியே கசிகிறது, அல்லது இரத்தக் குழாயின் ஒரு கிளை பாதிக்கப்பட்டிருக்கிறது.
ஐந்தாம் படி: சிறுநீரகம் சிதறியிருக்கிறது, அல்லது பிரதான இரத்தக் குழாய் அறுந்திருக்கிறது.

எந்தப் படி என்பதைக் காட்டுவது, மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். சில நிமிடங்கள் கழித்து இரண்டாவது முறை படம் எடுத்தால் சிறுநீர்க் கசிவும் தெரியும். சி.டி.யில் கதிர்வீச்சு இருப்பதால் அடிபட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அதை எடுப்பதில்லை. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அவற்றையும் அடிபட்ட விதத்தையும் பார்த்து, தேவையானவர்களுக்கு மட்டும் சி.டி. எடுக்கப்படுகிறது.

சி.டி. ஸ்கேன் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971-ல், லண்டனில். அதற்கு முந்திய காலத்தில் உள்ளே எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெளிவாகத் தெரியாது. வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். திறந்த பல வேளைகளில் சிறுநீரகத்தையே எடுக்க நேர்ந்தது.

5. திறந்தால் ஏன் சிறுநீரகம் போய்விடுகிறது?

சிறுநீரகத்தைச் சுற்றி ஜெரோட்டா உறை என்ற பலமான உறை இருக்கிறது. சிறுநீரகம் கிழிந்து இரத்தம் வடியும்போது, அந்த உறைக்குள்ளேயே இரத்தம் தேங்கி நிற்கும். தேங்கிய இரத்தம் அழுத்தம் கொடுத்து, வடியும் இடத்தைத் தானே அடைத்துவிடும். வெட்டுக்காயத்தின்மேல் நாம் துணியை வைத்து அழுத்திப் பிடிப்பது போன்றது இது. சிருஷ்டிகர் உள்ளேயே வைத்திருக்கும் கட்டு என்று சொல்லலாம்.

அறுவை சிகிச்சைக்காக அந்த உறையைத் திறந்த உடனே அழுத்தம் போய்விடுகிறது. நின்றிருந்த இரத்தம் மறுபடியும் பீறிடும். பிள்ளையின் உயிரைக் காக்க, சிறுநீரகத்தையே எடுத்துவிட வேண்டிய நிலை வரும். திறக்காமல் விட்டிருந்தால் ஆறியிருக்கக்கூடிய சிறுநீரகம் அப்படி இழந்துபோகப்பட்டது. ஆகவே இன்று, பிள்ளையின் நாடியும் இரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால், நான்காம் படிக் காயமானாலும் கத்தி வைக்காமல் காத்திருப்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. ஐந்தாம் படியிலும் சில பிள்ளைகள் இவ்வாறே குணமாகிறார்கள்.

"ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறதே?" என்று கேட்கலாம். 1869-ல் ஜெர்மனியில் குஸ்டாவ் சைமன் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து, ஒரே சிறுநீரகத்தோடு மனிதர் வாழ முடியும் என்று காட்டினார். 1971-ல் நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நம் நாட்டில் முதன்முறையாக வெற்றிகரமாக நடைபெற்றது. ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவர்கள் நலமாக வாழ்வதை நாம் அறிவோம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அறுபது, எழுபது ஆண்டுகள் இருக்கின்றன. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கல்லடைப்பு என்று எதுவும் வரலாம். பிறவியிலேயே ஒரு சிறுநீரகத்தோடு மட்டும் பிறந்த பிள்ளைகளும் உண்டு. ஆகவே முடிந்தவரை அதைக் காப்பது நம் கடமை.

6. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல

நம்முடைய ஏழு வயதுப் பையனுக்கு மூன்றாம் படிக் காயம் என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவு நடப்பது இதுதான்.

கையில் ஊசி போட்டு டிரிப் ஏற்றப்படுகிறது. இரத்த வகை பார்த்து, பொருந்தும் இரத்தம் தயாராக வைக்கப்படுகிறது. வலிக்குப் பாராசிட்டமால், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய, இரத்தப்போக்கைக் கூட்டக்கூடிய வலி மாத்திரைகளைத் தவிர்க்கிறோம். முதலில் வாய்வழியாக ஒன்றும் கொடுப்பதில்லை, எந்த நேரத்திலும் அறுவை அரங்குக்குப் போக வேண்டியிருக்கலாம் என்பதால். மணிக்கு ஒருமுறை நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீரின் அளவு எல்லாம் குறிக்கப்படுகின்றன. 20 கிலோ பிள்ளைக்கு மணிக்கு 20 மில்லியாவது சிறுநீர் போக வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் அளவு பார்க்கப்படுகிறது. வயிறு உப்புகிறதா, விலாப்பக்கம் வீங்குகிறதா என்று ஒரே மருத்துவர் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது நல்லது. காலையில் பார்த்த கைக்குத்தான் மாலையில் வந்த மாற்றம் தெரியும்.

பிள்ளை கழிக்கும் சிறுநீரில் ஒவ்வொரு முறையும் சிறிது எடுத்து, நேரம் எழுதிய சோதனைக் குழாயில் ஊற்றி வரிசையாக வைப்பது பழைய வழக்கம். இன்றும் இது மிகவும் பயனுள்ளது. முதல் குழாய் கோலா நிறம். அடுத்தது கடுந்தேநீர் நிறம். மறுநாள் இளமஞ்சள். நிறம் வெளுத்துக்கொண்டே வந்தால் நன்று. நடுவில் ஒரு குழாய் திடீரென்று சிவந்தால் செவிலியர் உடனே மருத்துவரை எழுப்பிவிடுவார். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இதற்குத் தேவையில்லை. அதிகாலை மூன்று மணிக்கும் தூங்காமல் அந்தக் குழாயைப் பார்க்கிற ஒருவர் தேவை. 130-ஆம் சங்கீதத்தில் விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரரைப் பற்றி வாசிக்கிறோம். எங்கள் இரவுச் செவிலியரைப் பார்க்கும்போது அந்தச் சங்கீதம் எங்களுக்கு நன்றாகப் புரிகிறது.

7. எப்போது காத்திருக்கக் கூடாது?

இரத்தம் ஏற்றியும் நாடி தணியாமல், அழுத்தம் விழுந்துகொண்டே போனால் காத்திருப்பது தவறு. பிரதான இரத்தக் குழாய் அறுந்திருந்தாலோ, குடல் கிழிந்திருந்தாலோ அறுவை சிகிச்சை வேண்டும். இரத்தம் ஒழுகுகிற கிளையை மட்டும், தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அடைக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டு. சிறுநீர்க் கசிவு பல வேளைகளில் தானாகவே நின்றுவிடும். நிற்காமல் காய்ச்சலோ வீக்கமோ வந்தால், சிறுநீர்ப் பாதையில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாய் வைத்தோ, தேங்கிய நீரை ஊசி வழியாக வடித்தோ சரிசெய்யலாம்.

நம்முடையது போன்ற புறநகர் மருத்துவமனைகளில் இவை எல்லாம் இருப்பதில்லை. ஆகவே எந்த நேரத்தில் பிள்ளையை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும் என்று அறிந்திருப்பதும் எங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியே. அனுப்பும்போது டிரிப், இரத்தம், குறிப்பேடு, கூடவே ஒரு செவிலியர் என்று எல்லாவற்றோடும் அனுப்ப வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையின் மாலை நேர நெரிசலையும் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

8. ஓய்வு எவ்வளவு? தாம்பரம் கண்ட பாடம்

ஓய்வையே மருந்தாகக் கொடுத்த ஊர் தாம்பரம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். காசநோயைக் கொல்லும் மருந்து அப்போது இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட படுக்கை ஓய்வு ஆகியவையே சிகிச்சை. பின்னர் 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருப்பவர்களும் சானடோரியத்தில் இருப்பவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்பதை 1959-ல் வெளியிட்டது. அதன்பின் உலகம் முழுவதும் காசநோயாளிகளை மாதக்கணக்கில் படுக்கையில் வைக்கும் வழக்கம் மாறியது.

சிறுநீரகக் காயத்திலும் இதே போன்ற மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. முன்பு சிறுநீர் முற்றிலும் தெளியும்வரை பிள்ளையைப் பல நாட்கள் அசையாமல் படுக்க வைத்தார்கள். இப்போது நாடியும் ஹீமோகுளோபினும் நிலையாக இருந்தால், முன்னதாகவே உட்காரவும் நடக்கவும் விடுகிறார்கள். ஓய்வும் மருந்தைப் போல அளவோடு கொடுக்கப்பட வேண்டியது.

9. வீடு திரும்பிய பின்

வீட்டுக்குப் போனதும் எல்லாம் முடிந்துவிட்டதாகப் பெற்றோர் எண்ணுவது இயல்பு. ஆனால் அடிபட்டு இரண்டு, மூன்று வாரங்கள் வரை மறுபடியும் இரத்தம் வரக்கூடும். சிறுநீர் மீண்டும் சிவந்தாலும், காய்ச்சல் வந்தாலும், விலாவில் வலி கூடினாலும் அன்றே வர வேண்டும். மருத்துவர் சொல்லும்வரை சைக்கிள், ஓட்டம், பி.டி. வகுப்பு, மரம் ஏறுதல் எதுவும் கூடாது. காயத்தின் படியைப் பொறுத்து இது சில வாரங்களிலிருந்து இரண்டு, மூன்று மாதங்கள் வரை நீளலாம். சில மாதங்களில் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். சிலருக்குப் பின்னாளில் இரத்த அழுத்தம் உயரக்கூடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

10. பெற்றோரும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் நினைவில் வைக்க

• விலாவிலோ வயிற்றிலோ அடிபட்ட பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து உருவக்கூடாது, வழித்துவிடக்கூடாது.
• சோடா, காபி, பலகாரம் எதுவும் கொடுக்காமல் அழைத்து வாருங்கள்.
• உயரத்திலிருந்து விழுந்த பிள்ளையை இருவர் நடுவே பைக்கில் உட்கார வைக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.
• முதலில் போன சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் கொண்டுவாருங்கள்.
• அடிபட்ட விதத்தை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் யாராவது அடித்ததால் ஏற்பட்டிருந்தாலும் சொல்லுங்கள். பிள்ளையின் பாதுகாப்புக்கு 1098 என்ற எண் இருக்கிறது.
• பைக்கின் பெட்ரோல் டாங்கின்மேல் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம். 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது.
• மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால், வாசலைப் பூட்டி வையுங்கள்.

உங்கள் காணிக்கை போகும் இடம்

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் "நம்மைக் காக்கும் 48" திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. இதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் மரத்திலிருந்தும் மாடியிலிருந்தும் விழும் பிள்ளை சாலை விபத்துக்குள்ளான பிள்ளை அல்ல. சிறுநீரகமும் 48 மணி நேரத்தில் ஆறிவிடுவதில்லை. மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பங்களுக்கும், தாயும் தகப்பனும் மருத்துவமனையில் தங்குவதால் இழக்கும் தினக்கூலியை யாரும் கொடுப்பதில்லை. "பையன் நன்றாகத்தானே இருக்கிறான், அழைத்துக்கொண்டு போய்விடுகிறோம்" என்று மூன்றாம் நாளில் ஒரு தகப்பன் கேட்பதற்கு இதுவே காரணம். அவர் பிள்ளையை நேசிக்காதவர் அல்ல. அன்று வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் மற்ற பிள்ளைகளுக்குச் சோறில்லை. அந்த நாளில் அவரைத் தங்க வைப்பது உங்கள் காணிக்கைதான்.

ஆகவே "எத்தனை அறுவை சிகிச்சைகள்?" என்ற கேள்விக்கு, இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை எங்கள் பதில்: ஒன்றும் இல்லை. அவர்கள் வயிற்றில் தழும்பு இல்லை. புகைப்படம் எடுத்து அனுப்பவும் ஒன்றுமில்லை. ஓர் இரவுச் செவிலியரின் சம்பளம், தயாராக வைத்த ஒரு பை இரத்தம், சில சோதனைக் குழாய்கள், ஒரு தாய்க்குச் சில நாள் சாப்பாடு ஆகியவையே உங்கள் பணத்தால் வாங்கப்பட்டவை. இரண்டு சிறுநீரகங்களோடும் பிள்ளை வீட்டுக்குப் போகிறது.

ஜெபிக்க:

• இரவு வேளைகளில் விழித்திருக்கும் செவிலியர்களின் சரீர பலத்துக்காக.
• அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும் மருத்துவர்களுக்கு ஞானம் கிடைக்க.
• இரத்த தானம் செய்ய நமது சபை வாலிபர்கள் முன்வர.
• வேலையை விட்டுப் பிள்ளையின் படுக்கையருகே இருக்கும் பெற்றோருக்காக.

 கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காத்துக்கொள்வாராக.